டீச்சருக்கு வந்த உதறல்

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், முழங்கால் மடங்காதவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்து அவர்களை எழுந்து நடக்க வைப்பதுதான் அவள் தொழில். "மடக்குங்க, நீட்டுங்க, இன்னொரு தரம்" என்று அவள் அதட்டுவதைக் கேட்டு யாரோ ஒரு நோயாளி 'முழங்கால் டீச்சர்' என்று பெயர் வைத்தார். நாளடைவில் முழங்கால் கழன்று விழுந்து டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

வீடு வீடாகப் போக அவளிடம் ஒரு கார் இருந்தது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி. மகளை முதல் வகுப்பில் சேர்த்த வருஷம் வாங்கியது. மகள் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். வண்டி போகவில்லை. பெயின்ட் மங்கியிருந்ததே தவிர, அது வரை ஒரு நாளும் டீச்சரை நடுத்தெருவில் நிறுத்தியதில்லை.

ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் அது உதறியது. உடம்பில் குளிர் ஏறினால் ஒரு சிலிர்ப்பு வருமே, அந்த மாதிரி. அடுத்த நொடி கியர் எழுத்து காட்டுகிற இடம் வெறுமையாகி, மஞ்சள் விளக்கு எரிந்து, இன்ஜின் அலறியது. சக்கரத்துக்கு இழுப்பு போகவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் ஒரு பள்ளி வேன். உள்ளே குழந்தைகள். டீச்சர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். வேன்காரர் சாமர்த்தியசாலி, ஒடித்துத் தப்பினார். டீச்சர் வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினாள். விளக்கும் இல்லை, உதறலும் இல்லை. வண்டி எதுவுமே நடக்காத மாதிரி சாதுவாக ஏறியது.

அன்று முதல் அந்த உதறல் வருவதும் போவதுமாக இருந்தது. திருடன் ஆள் பார்த்து வருகிற மாதிரி, அவள் தனியாக இருக்கும்போதுதான் வரும்.

அவள் வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டி ஓட்டுவார். பாலத்தில் நடந்ததைச் சொன்னபோது டீச்சரின் குரல் உடைந்தது. அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "வேற யாருக்கு அந்த வண்டியைத் தெரியும்? நாளைக்கே சர்வீஸுக்கு விட்டுடு."

இந்த ஒரு வார்த்தையை டீச்சர் பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

சர்வீஸுக்கு எங்கே விடுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. வாங்கிய நாளிலிருந்து கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரும் அந்த வண்டியின் மூடியைத் திறந்ததில்லை. "முக்குல ஒரு மெக்கானிக் நல்லா பார்க்கிறார்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்கு, "பெத்த இடத்துக்குத்தானே பிள்ளையோட அருமை தெரியும்" என்று பதில் சொன்னவள் அவள். அந்த விசுவாசத்தைப் பாராட்டி 'ஆயுள் உறவு' என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைச் சென்டர் கொடுத்திருந்தது. வண்டியின் பின்புறத்தில் அது பதிந்திருந்தது. பாலத்தில் ஒடித்துத் தப்புவதற்கு முன் வேன்காரர் படித்தது அதைத்தான்.

சென்டர் முழுக்கக் கண்ணாடி. வாசலில் ஒரு பெரிய பலகை: 'குறை கண்டறியப்படாமல் கடந்த நாட்கள்' என்று எழுதி, கீழே எண்ணிக்கை மாற்றும் அட்டைகள் தொங்கின. தொழிற்சாலைகளில் விபத்தில்லாத நாட்களை எழுதிப் போடுவார்களே, அதுபோல. டீச்சர் அதைப் பார்த்து, இங்கே எவ்வளவு பொறுப்பாக வேலை நடக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

டை கட்டிய வரவேற்பு ஆலோசகர் எழுந்து நின்று வணங்கினார்.

"சொல்லுங்க மேடம், வண்டிக்கு என்ன?"

"உதறுது."

ஆலோசகர் கம்ப்யூட்டரில் தேடினார். முகம் வாடியது. "உதறுறதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை இல்லையே மேடம். தயக்கம் இருக்கு, அதிர்வு இருக்கு, விருப்பமின்மை இருக்கு. எது போடட்டும்?"

"விருப்பமின்மையா? வண்டிக்கா?"

"அது பொதுவான வார்த்தை மேடம். நிறைய பேர் அதைத்தான் எடுத்துக்கிறாங்க."

"கியர் தானா விட்டுடுது. வண்டி பின்னாடி உருளுது. அதை அப்படியே எழுதுங்க."

அவர் தட்டச்சு செய்தார். டீச்சர் எட்டிப் பார்த்தாள். 'வாடிக்கையாளர் கியர் குறித்துக் கவலை தெரிவிக்கிறார்' என்று திரையில் இருந்தது. பரவாயில்லை, கவலையும் உண்மைதானே என்று விட்டுவிட்டாள்.

முதலில் வண்டியைக் குளிப்பாட்டினார்கள். அழுக்கு வண்டியில் குறை தேடுவது நிறுவனத்தின் மரபல்ல. பிறகு, பாதுகாப்புக்காகப் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். கழற்றி, ஒரு டீ குடித்து வந்து, மறுபடி மாட்டி, வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் சோதனைக் கருவியைப் பட்டுத் துணியில் ஏந்திவந்து வண்டியில் சொருகினார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். குறை எதுவும் பதிவாகவில்லை என்று கருவி சொன்னது. கையுறைக்காரர் கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது முறையும் இதே சடங்கு நடந்தபோது டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் குறையை ஞாபகம் வெச்சிருக்கும்னு சொன்னீங்களே. பேட்டரியக் கழட்டினா அந்த ஞாபகம் அழிஞ்சுடாதா?"

"அழியும் மேடம்" என்றார் ஆலோசகர், மாணவியைப் பாராட்டும் குரலில்.

"அப்ப கழட்டுறதுக்கு முன்னாடி பார்க்கலாமே."

"அது ஒழுங்குமுறை இல்ல மேடம். தவிர, பேட்டரியக் கழட்டினதும் ஓடிப்போற குறை என்ன குறை? உண்மையான குறைன்னா நின்னு பதில் சொல்லணும்."

அன்று கம்ப்யூட்டரில், 'வாடிக்கையாளரின் கவலை தொடர்கிறது' என்று பதிவானது. அதற்கடுத்த முறை கியர் என்ற வார்த்தையே காணாமல் போய், 'வாடிக்கையாளர்: கவலை' என்று மட்டும் நின்றது.

இதற்கிடையில் வண்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. சந்தை முனையில் ஒரு நாள், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள். டீச்சர் பாலத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனாள். நேரத்துக்குப் போக முடியவில்லை. வலது கை விழுந்துபோன ஒரு தபால்காரருக்கு இரண்டு விரல் அசையத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டில் நாசூக்காக வேறு ஆளை ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த இரண்டு விரலுக்காக டீச்சர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அன்று இரவு சாப்பிடவில்லை.

'கவலை' என்ற பதிவு சென்டரில் இன்னொரு துறைக்குப் போனது. அங்கிருந்து மரியாதையான அழைப்பு வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மனப்பக்குவப் பயிற்சி. கட்டணம் கிடையாது, காபி உண்டு.

டீச்சர் போனாள். குளிரூட்டிய அறையில் அவளைப் போலவே விழித்துக்கொண்டு இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயிலில் வைப்பர் தானாக ஆடும் வண்டிக்குச் சொந்தக்காரரான வக்கீல் ஒருவர். இடதுபக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிற வேன் வைத்திருந்த முட்டை வியாபாரி ஒருவர்.

பயிற்சியாளர் அம்மா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை உள்ள இழுங்க. உங்களை நீங்களே கேளுங்க. உதறுறது வண்டியா? இல்ல, நானா?"

முட்டை வியாபாரி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார். "எனக்கு ஹாரன்மா. அடிக்கிறது நான்னா, எதால அடிக்கிறேன்?"

"கேள்வி கேட்கிறது மனசோட தந்திரம். அதை விட்டுடுங்க."

"விட்டுடறேன். டிராபிக் போலீஸ்காரர் விட மாட்டேங்கிறாரே."

கடைசியில் எல்லாரும் எழுந்து தங்கள் வண்டிகளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். டீச்சரும் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி இரண்டு முறை உதறியது.

ஆனால் டீச்சருக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. ஐந்தாவது தடவை போனபோது, சோதனை ஓட்டத்துக்கு மீசை வைத்த ஒரு மெக்கானிக்கை அவளோடு அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பேச்சு கம்மி. டீச்சர் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியான வெயில், நெரிசல், நின்று நின்று நகரும் போக்குவரத்து. வண்டி நன்றாகச் சூடானது. டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குறை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வந்தது. சிலிர்த்து, எழுத்து மறைந்து, மஞ்சள் விளக்கு எரிந்து, இன்ஜின் அலறியது. மீசைக்காரர் மேலே இருந்த கைப்பிடியைத் தாவிப் பிடித்தார்.

"பார்த்தீங்களா?" என்றாள் டீச்சர். கேட்கும்போதே கண்ணில் நீர் முட்டியது.

"நல்லாத் தெரியுது மேடம். இது வண்டிக் கோளாறுதான், சந்தேகமே இல்ல" என்றார் அவர். "கியர்பாக்ஸ் வேகத்தை அளக்கிற சென்சார் ஒண்ணு இருக்கு. அதுக்குப் போற வயர்ல எங்கயோ தொடர்பு விட்டு விட்டுப் போகுது. சூடானா பிரியும், ஆறினா ஒட்டிக்கும். தகவல் வரலன்னா கம்ப்யூட்டர் பயந்துபோய் கியரை விட்டுடும். பழைய வண்டில நிறைய பார்த்திருக்கேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்களுக்கு என்ன? நீங்க ஓட்டுறதைப் பார்த்தேனே, தங்கமா ஓட்டுறீங்க. நான் உள்ள சொல்றேன், கவலைப்படாதீங்க."

நோய்க்குப் பெயர் தெரிந்தால் பாதி நோய் போய்விடும் என்று டீச்சர் தன் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. அன்று அவளுக்கே அது நடந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். 'குறை ஆய்வுக் குழு' மறுவாரம் கூடுகிறது, குடும்பத்தினரையும் அழைத்து வரலாம் என்று சென்டரிலிருந்து தகவல் வந்தபோது, "நீங்களும் வாங்களேன். பக்கத்துல ஆள் இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்" என்று கூப்பிட்டதும் அவள்தான். அவர் லீவு போட்டார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

குழுவுக்கென்று ஒரு மண்டபம். நீள மேஜைக்குப் பின்னால் அதிகாரிகள். எதிரே ஒரு மேடையில், உருளைகளின் மேல் டீச்சரின் வண்டி. மெருகு போட்டு, நாடா கட்டி, விளக்கு வெளிச்சத்தில் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. 'மதிப்புக்குரிய குடும்ப உறுப்பினர்' என்று எழுதிய பட்டையை வீட்டுக்காரரின் சட்டையில் குத்தி, அதிகாரிகள் வரிசையின் ஓரத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். டீச்சருக்கு வண்டியின் பக்கம்.

வண்டியைக் கிளப்பினார்கள். உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே அது ஓடியது. குளிரூட்டிய மண்டபத்தில், மேடும் நெரிசலும் இல்லாத ஓட்டம். உதறவில்லை. அதிகாரிகள் வண்டிக்குக் கை தட்டினார்கள்.

வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறைத் தலைவர் எழுந்தார்.

"மேடம், இந்த நிறுவனத்துலேருந்து ஒரு வாடிக்கையாளர்கூட அதிருப்தியோட வெளிய போனதில்ல. அதிருப்தியா இருக்கிறவங்கள நாங்க வெளிய விடுறதே இல்ல. உக்கார வெச்சு, காபி கொடுத்து, 'போதும், ஆளை விடுங்க'ன்னு அவங்களே சொல்ற வரைக்கும் கூடவே இருப்போம். அதுக்குப் பேர்தான் உறவு."

அடுத்துத் தலைமைப் பொறியாளர். "மனுஷங்ககிட்ட கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கருவி அப்படி இல்ல. நாங்க எதை அழிச்சமோ அதைத் தவிர மத்த எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லும்."

டீச்சர் எழுந்து நின்றாள். "உங்க ஆளே என்கூட வந்தப்ப உதறுச்சு. அவரையே கேளுங்க."

மீசைக்காரரை அழைத்தார்கள். வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வாசல் பலகை தெரிந்தது. அட்டைகளில் எண்ணிக்கை ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் சென்டருக்குத் 'தங்கச் சக்கரம்' விருது, அதோடு ஊழியர் எல்லாருக்கும் போனஸ் என்று காபி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். குறை என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அட்டையைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும்.

"சோதனை ஓட்டத்துல என்ன கவனிச்சீங்க?" என்றார் பொறியாளர்.

மீசைக்காரர் தன் காலணியைப் பார்த்தார். "மேடம் ரொம்பக் கவலையா இருந்தாங்க சார்."

"வண்டி?"

"வண்டி... மேடம் கவலைப்பட்டதால அதை நான் சரியா கவனிக்க முடியல சார்."

"நீங்கதானே வயர்னு சொன்னீங்க?" என்றாள் டீச்சர். "கைப்பிடியைத் தாவிப் பிடிச்சீங்களே."

டீச்சருக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு பிள்ளைகள் என்றாரே என்று தோன்றியது. பரவாயில்லை, இவர் நேற்று வந்தவர், என் பக்கத்துக்கு என் ஆள் இருக்கிறார் என்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் நுரை பொங்கும் காபி. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் காதில் எதையோ சொல்ல, இருவரும் மெல்லச் சிரித்தார்கள்.

"சார், நீங்களும் ஒரு பொறுப்பான அலுவலகத்துல புகார்களைப் பார்க்கிறவர்னு கேள்விப்பட்டோம்" என்றார் மகிழ்ச்சித் துறைத் தலைவர். "உங்களுக்குத் தெரியாததா? வர்ற புகார்ல எத்தனை உண்மை இருக்கும்?"

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கேள்வியை இத்தனை மரியாதையாக அவரிடம் யாரும் கேட்டதில்லை. "உண்மையைச் சொல்லணும்னா, பாதிக்கு மேல மனப் பிரமைதான் சார். குழாய்ல தண்ணி வரலன்னு சொல்வாங்க. நாங்க போய்ப் பார்க்கிறப்ப வரும்."

மேஜையெங்கும் தலைகள் ஆடின. ஒரே சாதிச் சனம் சந்தித்துக்கொண்ட நெருக்கம் அங்கே நிலவியது.

"நீங்களும் இந்த வண்டியை ஓட்டியிருக்கீங்க. உங்களுக்கு எப்பவாவது உதறியிருக்கா?"

"எனக்கு வந்தது இல்ல."

டீச்சர் காத்திருந்தாள். 'ஆனா அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அடுத்த வாக்கியம் வரும். அவள் அதற்கு இடம் விட்டு நின்றாள்.

அவர் ஒரு வாய் காபி குடித்தார். "அவளுக்கு வேலைப் பளு அதிகம் சார். கொஞ்ச நாளா சரியா சாப்பிடுறதும் இல்ல, தூங்குறதும் இல்ல. சின்ன விஷயத்துக்கும் படபடப்பு. கால் அழுத்தமா விழுதோ என்னவோ."

சாப்பிடாததும் தூங்காததும் எதனால் என்பது அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

எத்தனையோ பேர் அவளிடம், "இப்ப வலிக்கல, நேத்து ராத்திரி உயிர் போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். என் முன்னால் வலிக்கவில்லையே என்று அவள் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. இதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாரும் அவளுக்காக மிகவும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

தீர்ப்பு அன்பாக வாசிக்கப்பட்டது. வண்டி பூரண நலம். ஓட்டுபவருக்கு ஓய்வு தேவை. இனி நிறுவனம் பேச வேண்டியதை நம்பகமான குடும்ப உறுப்பினரிடமே பேசும். டீச்சரின் எண்ணை எடுத்துவிட்டு வீட்டுக்காரரின் எண்ணைப் பதிந்துகொண்டார்கள். இன்னொரு சுற்றுக் கை தட்டல். சாவியையும் அவரிடமே கொடுத்தார்கள்.

அவர்தான் ஓட்டினார். ஜன்னலை இறக்கிவிட்டு உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு பெரிய ஆளுங்க, நமக்காக நேரம் ஒதுக்கி உக்காந்தாங்க பார்த்தியா? ஒரு ஆபீஸ்ல இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்றப்ப, நாமளும் கொஞ்சம் யோசிக்கணும்."

வெயில் ஏறியிருந்தது. வண்டிகள் ஊர்ந்தன. ஆற்றோரச் சாலை திரும்பியதும் கார் உதறியது. எழுத்து மறைந்து, ஒரு நொடி மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது.

அவர் பேச்சு நின்றது. பிறகு சொன்னார்: "ரோடு சரியில்ல."

புதிதாகத் தார் போட்ட சாலை. கறுப்பு இன்னும் வெளுக்கவில்லை.

"என்னங்க, இப்ப உதறுச்சு" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

டீச்சர் அவர் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, தோள் காதுவரை ஏறி, கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. வலியை மறைக்கிற உடம்பைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவள் அவள். அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே மண்டபத்தில் சொன்னது தெரியாமல் சொன்னது என்று அதுவரை மனத்தின் ஓரத்தில் அவருக்காக ஒரு சமாதானம் வைத்திருந்தாள். அது அந்த இடத்தில் போய்விட்டது.

நாற்சந்தியில் பச்சை விழுந்தது. அவர் காலை அழுத்தினார். இன்ஜின் அலறியது. வண்டி நகரவில்லை. மறுபடி அழுத்தினார். பின்னால் ஹாரன்கள் கிளம்பின. ஒரு லாரி மூச்சுமுட்ட வந்து நின்றது. அவர் அணைத்து, கிளப்பி, அணைத்துப் பார்த்தார். இந்த முறை குறை ஓடி ஒளியவில்லை. நின்று பதில் சொன்னது.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. சென்டரின் எண். அவர் எடுத்தார்.

டீச்சர் கதவைத் திறந்து இறங்கிப் பின்பக்கம் போய், கையை உயர்த்தி லாரியை நிறுத்திவைத்தாள். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, வண்டிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லையாம்" என்றாள் டீச்சர்.

லாரிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். காருக்குள் போனில் தலையாட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் இறங்கி வந்தார். "வாங்க, ஓரம் கட்டுவோம்."

இருவரும் குனிந்து தள்ளினார்கள். பித்தளைத் தகடு வெயிலில் சுட்டது. சக்கரங்கள் மெல்ல உருளத் தொடங்கின. திறந்திருந்த ஜன்னல் வழியாக வீட்டுக்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ரொம்பத் திருப்திம்மா. பத்துக்குப் பத்து போட்டுக்கோங்க. ஆமாமா, இப்பகூட வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு."

டீச்சர் வண்டியிலிருந்து கையை எடுத்தாள்.